தெளிந்த நாள்களின் வரலாறு

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தம் செய்துகொள்பவர் ‘சித்த சுவாதீனம்’ உடையவராக இருக்க வேண்டும் என்கிறது. அந்த 12ஆவது பிரிவின் அடியில் சட்டமே ஓர் எடுத்துக்காட்டையும் தருகிறது. மனநோய்க் காப்பகத்தில் அடைபட்டிருக்கும் ஒருவருக்கு இடையிடையே தெளிவு வருமாயின், அந்தத் தெளிந்த வேளையில் அவர் செய்யும் ஒப்பந்தம் செல்லும். காப்பகத்தின் மதிலுக்குள் இருந்தபடியே அவர் நிலத்தை விற்கலாம், கடன் கொடுக்கலாம், கூட்டு வணிகத்தில் சேரலாம். அவர் எங்கே இருக்கிறார், அவர்மேல் என்ன பெயர் ஒட்டியிருக்கிறது என்பதைவிட, கையெழுத்திட்ட அந்த வேளையில் அவர் எப்படி இருந்தார் என்பதையே சட்டம் கேட்டது. 12 ஆண்டுகளுக்கு முந்தைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆவது பிரிவும், செயல் நிகழ்ந்த வேளையில் மனநிலை என்னவாக இருந்தது என்றே வினவியது.

காலனிய அரசின் கருணை என்று இதனைக் கொண்டாட வேண்டியதில்லை. சொத்துக் கைமாறுவதில் குழப்பம் நேரக்கூடாது என்பதே அந்தச் சட்டம் இயற்றியோரின் முதற்கவலை. எனினும், மனநோய் என்பது ஒருவரின் நிலையான அடையாளம் அன்று, வந்து போகும் ஒரு நிலையாகவும் இருக்கலாம் என்னும் அறிதல் அதில் இருந்தது. பின்வந்த 150 ஆண்டுகளில் அந்த அறிதலை இந்தியச் சட்டங்களும் நிறுவனங்களும் மறந்தும் நினைத்தும் திரித்தும் நடந்துகொண்ட விதத்தில்தான், மனநோய்மீதான இழிவுணர்வின் வரலாற்றில் பாதி அடங்கியிருக்கிறது. இருமுனைக் கோளாறு உடையவர்களுக்கு இந்த வரலாறு வேறெவரைக் காட்டிலும் நெருக்கமானது.

ஏனெனில் அந்த நோயின் உருவமே இடைவெளிகளால் ஆனது. சில நாள்களோ வாரங்களோ நீளும் எழுச்சி: உறக்கம் தேவைப்படாது, பேச்சு நிற்காது, எண்ணங்கள் ஒன்றையொன்று முந்தும், கையிலிருக்கும் பணமும் கையில் இல்லாத பணமும் செலவாகும், தன்னால் ஆகாதது ஒன்றுமில்லை என்று தோன்றும். பிறகு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ அழுத்தும் தாழ்ச்சி: எழுந்து பல் துலக்குவதும் மலையேற்றமாகும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இந்நோயில் மிக உண்மையான ஆபத்து. இவ்விரண்டுக்கும் நடுவே மாதங்களோ ஆண்டுகளோ இயல்பு வாழ்வு. அலுவலகம் செல்வார்; பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவார்; பார்ப்பவர் எவருக்கும் வேறுபாடு தெரியாது. நிமான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வின் கணக்குப்படி, கணக்கெடுத்த காலத்தில் வயதுவந்தோருள் 0.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. அவர்களுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் சிகிச்சையின்றி இருந்தனர்.

எழுச்சி தாழ்ச்சி இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று மருத்துவம் உறுதிசெய்யக் காலம் பிடித்தது. 1850களின் தொடக்கத்தில் பாரிசில் ஃபால்ரே என்னும் மருத்துவர் எழுச்சி, தாழ்ச்சி, நடுவில் தெளிவு என்று சுழன்றுவரும் ஒரு நோயை விவரித்தார். 1899இல் ஜெர்மானியரான எமில் கிரேப்லின் பெரும் மனநோய்களை இரண்டாகப் பகுத்தார். அவர் பகுத்த அளவுகோல் கவனிக்கத்தக்கது. நோயாளி என்ன பிதற்றுகிறார் என்பதை அவர் முதன்மையாகக் கொள்ளவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல என்ன ஆகிறார் என்று பார்த்தார். படிப்படியாகச் சிதைந்து போவோர் ஒரு பிரிவு. விழுந்தும் எழுந்தும் மீள்வோர் மற்றொரு பிரிவு. இந்த இரண்டாம் பிரிவிலிருந்தே, 1957இல் கார்ல் லியோன்ஹார்ட் வகுத்த பாகுபாட்டின் வழியாக, ‘இருமுனை’ என்னும் பெயர் பிறந்தது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு அதனை ஏற்றபின் உலகமெங்கும் பரவிற்று.

நோய் மீளக்கூடியது என்னும் அறிவு சொற்களிலும் உறைந்திருந்தது. ஆங்கிலச் சட்டத்தின் ‘லூனடிக்’ என்னும் சொல் நிலவைக் குறிக்கும் ‘லூனா’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இன்று அது வெறும் வசைச்சொல். 18ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞரான பிளாக்ஸ்டோன் அதற்குத் தந்த பொருள் வேறு. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி இல்லாதவரை ‘இடியட்’ என்று ஒதுக்கிவிட்டு, இடையிடையே தெளிவு வரப்பெறுபவரையே ‘லூனடிக்’ என்றார். வளர்வதும் தேய்வதும் அந்தச் சொல்லின் இலக்கணம். நிலவால் பித்து வருகிறது என்பது மூடநம்பிக்கைதான். ஆயினும் அந்த மூடநம்பிக்கைக்குள் ஒரு சரியான கவனிப்பு ஒளிந்திருந்தது.

தமிழிலும் அப்படியே. பித்தத்தோடு உறவுடைய ‘பைத்தியம்’ என்னும் சொல்லுக்கு இணையாக வரும் வினை ‘தெளிதல்’. கலங்கிய நீர் தெளிகிறது, மயக்கம் தெளிகிறது, போதை தெளிகிறது, பைத்தியமும் தெளிகிறது. தெளியும் என்று எதிர்பார்க்கப்படும் பொருள்களோடுதான் மொழி அதனை வைத்திருக்கிறது. ஆனால் அதே மொழியில் ஒரு பழமொழியும் உண்டு: ‘பைத்தியம் தெளிந்துவிட்டது, உலக்கையைக் கொண்டுவா, கோவணம் கட்டிக்கொள்ள.’ தெளிந்துவிட்டேன் என்று ஒருவர் சொல்வதையே அவருடைய பித்தின் சான்றாக்கிவிடும் நகைப்பு இது. வினைச்சொல் நம்புவதைப் பழமொழி நம்ப மறுக்கிறது. மீண்டவரின் வாய்ச்சொல் இதற்குமேல் எடுபடுவது கடினம்.

இந்திய நிறுவனங்கள் பழமொழியின் பக்கமே நின்றன. 1858இல் மூன்று பித்தர் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, காப்பகங்கள் பெருகின. அக்காப்பகங்களின் பதிவேடுகளில் நோயின் காரணத்தை எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் கஞ்சா என்னும் சொல் திரும்பத் திரும்ப வந்தது. 1893–94இல் இந்தியக் கஞ்சா ஆணையம் இந்தப் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தபோது, காரணத்தைப் பெரும்பாலும் மருத்துவர் கண்டறிந்து எழுதவில்லை, நோயாளியைக் கொண்டுவந்த காவலர்கள் நிரப்பிய குறிப்பிலிருந்தே அது படியெடுக்கப்பட்டது என்பது வெளிப்பட்டது. திடீரென எழுந்து, சில வாரங்களில் தானே அடங்கும் வெறி எழுச்சிக்குக் கஞ்சா வசதியான விளக்கமாக இருந்திருக்க வேண்டும். ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைக் கேட்டறியாமல், சந்தையில் கூச்சலிட்ட ஒரு நாளை மட்டும் வைத்து நிரப்பப்பட்ட கட்டம் அது.

1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம் சொல்லின் பழைய பொருளை அழித்தது. ‘லூனடிக்’ என்றால் ‘இடியட்’ அல்லது சித்த சுவாதீனமற்றவர் என்று அது ஒரே வரியில் வரையறுத்தது. பிளாக்ஸ்டோன் பிரித்து வைத்த இருவரும் ஒருவராயினர். நிலவின் தேய்வும் வளர்வும் போயின. 1920களின் தொடக்கத்தில் காப்பகங்கள் ‘மனநல மருத்துவமனை’ என்று பெயர் மாறின. மதில்களின் உயரம் மாறவில்லை. 1946இல் போர் குழு தன் அறிக்கையை அளித்தபோது நாடு முழுவதற்கும் சுமார் 10,000 படுக்கைகளே இருந்தன. 40,000 பேருக்கு ஒன்று. படுக்கைகள் குறைவு என்பதைவிடப் பெரிய சிக்கல், அவற்றில் படுத்தவர்கள் எழுந்து வீடு செல்லும் வழி அடைந்து கிடந்ததே. குடும்பம் ஒருவரை அவருடைய மிக மோசமான நாளில் வாசலில் விட்டுச் செல்லும். அந்த நாளின் முகமே அவர்கள் மனத்தில் நிற்கும். உள்ளே அவர் தெளிந்த நாள்களைக் காண எவரும் வருவதில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் அமிர்தசரசில் ஒரு மருத்துவர். பிரிவினைக்குப்பின் லாகூர் மருத்துவமனை பாகிஸ்தானில் நின்றுவிட்டது. அங்கிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் 1950இல் எல்லை கடந்து அமிர்தசரசுக்கு அனுப்பப்பட்டனர். மண்டோவின் ‘டோபா டேக் சிங்’ கதைக்குப் பின்னணியான அந்தப் பரிமாற்றம் உண்மையாகவே நடந்தது. அங்கே பொறுப்பேற்ற மருத்துவர் வித்யா சாகர், 1950களில் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்தார். நோயாளியோடு குடும்பத்தினரும் அக்கூடாரங்களில் தங்க வேண்டும் என்றார். இடப்பற்றாக்குறை ஒரு காரணம். விளைவு அதனினும் பெரியது. தாயோ மனைவியோ உடனிருந்து சமைத்து, பேச்சுக் கொடுத்து, சில வாரங்களில் தம்மவர் தேறுவதைக் கண்ணால் கண்டனர். தேறியதைக் கண்டவர்கள் கைவிட்டுப் போகவில்லை, அழைத்துச் சென்றார்கள். வேலூரிலும் பெங்களூரிலும் பின்னர் வளர்ந்த குடும்ப விடுதிகள் இந்த வழியில் வந்தவை. உலகின் வேறு பல இடங்களில் குடும்பத்தை நோயின் மூலகாரணமாகக் குற்றஞ்சாட்டிய காலத்தில், அதே குடும்பத்தை மருத்துவத்தின் பங்காளியாக்கிய இம்முயற்சிக்கு இந்திய மருத்துவ வரலாற்றில் உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

கூடாரங்கள் அடிக்கப்பட்ட காலத்தை ஒட்டியே மருந்தும் வந்தது. 1949இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஜான் கேட் வெறி எழுச்சி கொண்ட 10 நோயாளிகளுக்கு லித்தியம் என்னும் எளிய உப்பைக் கொடுத்து எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அவருடைய முதல் நோயாளி ஆண்டுக்கணக்கில் கொந்தளிப்பில் இருந்தவர்; சில மாதங்களில் வீடு திரும்பிப் பழைய வேலைக்கே சென்றார். பின்பு மருந்தை நிறுத்தினார், நோய் திரும்பியது. நலமாக இருக்கும்போது மருந்து எதற்கு என்னும் கேள்வி, அன்றிலிருந்து இன்றுவரை இந்நோயாளர் ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்வது. சர்க்கரை நோய்க்கு நாள்தோறும் மாத்திரை விழுங்குவதை வெளிப்படையாகச் சொல்பவர்கள்கூட, லித்தியம் அட்டையைத் தலையணை உறைக்குள் வைக்கிறார்கள். இந்தியாவில் அதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், துணைவர் தீராத மனநோயால் மூன்றாண்டுகள் தொடர்ந்து பாதிக்கப்பட்டிருந்தால் மணமுறிவு கோரலாம் என்றது. தீராமையும் தொடர்ச்சியும் தேவைப்பட்டதால், மீண்டு மீண்டு வாழும் ஒருவரை அந்தப் பிரிவு தொடவில்லை. 1976இல், சட்ட ஆணையத்தின் 59ஆவது அறிக்கைக்குப்பின், அது திருத்தப்பட்டது. மூன்றாண்டுக் கணக்கு நீங்கியது. ‘தொடர்ந்தோ இடைவிட்டோ’ மனக்கோளாறுக்கு ஆளாகி, உடன் வாழ எதிர்பார்க்க முடியாத அளவுக்கு இருந்தால் போதும் என்றாயிற்று. திருமணத்திற்கான தகுதிகளைக் கூறும் 5ஆவது பிரிவிலும் புதிய சொற்கள் நுழைந்தன: மீண்டும் மீண்டும் வரும் பித்துத் தாக்குதல்களுக்கோ வலிப்பு நோய்க்கோ ஆளானவராக இருத்தல் ஆகாது, மீறினால் அத்திருமணத்தைச் செல்லாததாக்கலாம்.

1872இல் இடைவெளியைக் கண்ட சட்டம், தெளிந்த நாள்களில் ஒருவருக்கு உரிமை உண்டு என்றது. 1976இல் மறுபடியும் இடைவெளியைக் கண்ட சட்டம், நடுவில் எத்தனை தெளிந்த நாள்கள் இருந்தாலும் நோய் நோயே என்றது. ஒரே மருத்துவ உண்மை. நேர்மாறான இரு முடிவுகள். 1976 திருத்தத்திற்கு நியாயமே இல்லை என்பதும் சரியன்று. மணமுறிவு அரிதாகக் கிடைத்த காலத்தில், வன்முறையும் பொருளழிவும் சகித்துச் சிக்கிக்கொண்டிருந்த துணைவர்கள், குறிப்பாகப் பெண்கள், இருந்தார்கள். அவர்களுக்கு வெளியேறும் வாசல் தேவைப்பட்டது. ஆனால் அந்த வாசலைக் கொடுமை என்னும் பெயரில் திறப்பதற்கும் நோய் என்னும் பெயரில் திறப்பதற்கும் வேறுபாடு பெரிது. 1988இல் உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டை ஓரளவு உணர்த்தியது. மனைவிக்கு மனச்சிதைவு நோய் என்று காரணம் காட்டிய ஒரு கணவரின் மேல்முறையீட்டைத் தள்ளிய தீர்ப்பில், நோயின் பெயரை ஒட்டுவதால் மட்டும் மணமுறிவு கிடைக்காது, அதன் அளவும் விளைவும் காட்டப்பட வேண்டும் என்றது.

தீர்ப்பு நூல்களில் இருந்தது. வீடுகளில் நடந்தது வேறு. மகளுக்கு ஒருமுறை எழுச்சி வந்து தேறிவிட்டது. சொன்னால் வரன் அமையாது. சொல்லாமல் மணம் முடித்தால், மறைத்ததே பின்னாளில் வழக்காகும். ஆகவே மறைப்பது முழுமையாக இருக்க வேண்டும்: புகுந்த வீட்டுக்கு மாத்திரை போகக்கூடாது. மாத்திரை நின்றால் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி. புதுமணத்தின் உறக்கமின்மையும் பதற்றமும் சேர்ந்துகொள்ளும். நோய் திரும்பினால் அது ‘மீண்டும் மீண்டும் வரும் தாக்குதல்’ ஆகிவிடும். இந்திய மனநல மருத்துவர்களுக்கு நன்கு பழகிய காட்சி இது. இழிவுணர்வுக்கு அஞ்சி மறைத்ததே, இழிவுணர்வு எதிர்பார்த்த முடிவை உண்டாக்கித் தருகிறது. ஊர் அதைப் பார்த்து, ‘முன்பே தெரியும்’ என்கிறது.

வலிப்பு நோயாளர்களுக்காகப் பேசியவர்களின் நெடுமுயற்சிக்குப்பின் 1999இல் அந்தச் சொல் திருமணச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. 2019இல் தொழுநோய் மணமுறிவுக் காரணங்களின் பட்டியலிலிருந்து நீங்கியது. இரண்டும் நூற்றாண்டுகளாகத் தீண்டப்படாத நோய்கள்; மருந்தால் கட்டுப்படும், குணமாகும் என்பதே நீக்கத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம். மீண்டும் மீண்டும் வரும் பித்து என்னும் தொடர் 5ஆவது பிரிவில் இன்றும் இருக்கிறது.

மறதியின் விலை திருமணத்தோடு நிற்பதன்று. 1951இல் அசாமில் ஓர் இளைஞர் கைதாகித் தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல் அவர் தேறிவிட்டார் என்று மருத்துவமனை சான்றளித்தது. சான்றளித்த பின் அவர் சென்றது வீட்டுக்கு அன்று, குவாஹாட்டி சிறைக்கு. விசாரணை நடக்கவேயில்லை, 2005இல் வெளியே வந்தபோது கைதாகி 54 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு இருந்தது இருமுனைக் கோளாறு அன்று. ஆனால் தெளிந்தவர் என்று ஒரு தாள் சொன்ன பின்னும் அந்தத் தாளைப் படிக்க எவரும் இல்லாத நிலை, எந்த மனநோய்க்கும் பொதுவானது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பற்றியபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். நோயின் அலை எழுந்தாலும் ஓய்ந்தாலும் சங்கிலிக்குத் தெரிவதில்லை.

1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் ‘லூனடிக்’ என்னும் சொல்லை அகற்றியதோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. திருப்பம் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் வந்தது. சங்கிலியிடுவதை அது தடைசெய்தது. அதைவிடக் குறைவாகப் பேசப்படும் இரண்டு வரிகள் அதன் 3ஆவது பிரிவில் உள்ளன. ஒருவர் முன்பு மனநலச் சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே, இன்றோ நாளையோ அவரை மனநோயாளி என்று முடிவு கட்டப் போதாது. ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பது மட்டுமே, நீதிமன்றம் அறிவிக்காதவரை அவரைச் சித்த சுவாதீனமற்றவர் ஆக்காது. 1912இல் ஒட்டப்பட்ட முடிச்சு 105 ஆண்டுகளுக்குப்பின் அறுந்தது.

அச்சட்டத்தின் 5ஆவது பிரிவு முன்கூட்டிய அறிவுறுத்தல் என்னும் ஓர் ஏற்பாட்டைத் தருகிறது. நோய் தாக்கித் தன்னால் முடிவெடுக்க இயலாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டா என்று ஒருவர் முன்னதாகவே எழுதி வைக்கலாம். தனக்காகப் பேச ஒருவரை நியமிக்கவும் செய்யலாம். அலை ஓய்ந்த நாளில் இருக்கும் மனிதர் அலை எழும் நாளுக்காகத் தாமே எழுதும் கட்டளை இது. இருமுனைக் கோளாற்றின் இயல்புக்கு இவ்வளவு பொருந்திய சட்டக் கருவி இந்தியாவில் முன்பு இருந்ததில்லை. 1872இன் காப்பகவாசி தெளிந்த வேளையில் நிலத்தை விற்க முடிந்தது. தன் உடலுக்கு என்ன செய்யப்பட வேண்டும் என்று சொல்லும் உரிமை அவருடைய வழித்தோன்றல்களுக்கு 145 ஆண்டுகள் கழித்தே கிட்டியது. அதனைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே என்பது வேறு வருத்தம். பெரும்பாலான குடும்பங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சட்டங்கள் மாறிய பின்னும் இடைவெளியைக் கண்டு தடுமாறும் வழக்கம் போகவில்லை. 2018ஆம் ஆண்டின் தில்லி நீதித்துறைப் பணித் தேர்வில் இருமுனைக் கோளாறு உடைய ஒருவர் மாற்றுத்திறனாளர் ஒதுக்கீட்டில் விண்ணப்பித்துத் தேறினார். அவருடைய குறைபாடு நிரந்தரமானது அன்று என்று கூறி உயர் நீதிமன்றத்தின் நிர்வாகப் பிரிவு அவரை ஏற்க மறுத்தது. மறுக்கும் இடத்தில் எப்போதும் ‘இவர் மாறவே மாட்டார்’ என்று கேட்டுப் பழகிய நோய்க்கு, இம்முறை ‘இவர் அவ்வப்போது நலமாகிவிடுகிறார்’ என்பது மறுப்புக்குக் காரணமாயிற்று. 2020 மே மாதம் அதே உயர் நீதிமன்றம் நீதி வழங்கும் இருக்கையில் அமர்ந்து அந்த மறுப்பைத் தள்ளுபடி செய்தது: மருந்தால் அடங்கியிருப்பதும் அவ்வப்போது தணிவதும் இந்நோயின் இயல்பு, அதனால் குறைபாடு இல்லை என்று ஆகாது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிபதியின் கடமைகளை அவரால் ஆற்ற இயலுமா என்று மருத்துவக் குழு ஒன்றிடம் கருத்துக் கேட்கப்பட்டது. இயலாது என்று சொல்ல எதுவும் இல்லை என அக்குழு தெரிவித்தது. 2021 டிசம்பரில் அவருடைய நியமனத்திற்கு உச்ச நீதிமன்றம் வழி திறந்தது.